வீண்சொல் எது?

மனிதர் பேசும் வீண்சொல் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நம் ஆண்டவர் எச்சரிக்கிறார் (மத் 12:36). நற்செய்தியில் நம்மை நடுங்கவைக்கும் சொற்களுள் இதுவும் ஒன்று. கொலைக்கும் களவுக்கும் கணக்குக் கேட்கப்படும் என்றால் நமக்கு வியப்பில்லை. ஆனால் நாம் ஒருவரோடொருவர் பேசும் பேச்சில் பெரும்பகுதி சிறு செய்திகளைப் பற்றியதே. மழை வருமா, பேருந்து போய்விட்டதா, கத்தரிக்காய் என்ன விலை, நேற்றுக் கேட்ட பாட்டு எப்படி என்பனவே நம் நாளை நிரப்பும் சொற்கள். இவையெல்லாம் வீண்சொற்களா? வள்ளுவரும் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, பயனற்ற பேச்சைக் கொண்டாடித் திரிபவரை மனிதருள் பதர் என்று இகழ்கிறார். அப்படியானால் நம்மில் பதர் ஆகாதார் யார்?

ஆண்டவர் கடிந்த பேச்சு எது என்பதைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்ப்பது நம் கடமை. அதற்குத் துணையாக, ஆன்மிகக் கட்டுரைகளில் பொதுவாக இடம்பெறாத ஓர் எடுத்துக்காட்டை இங்கே எடுத்துக்கொள்வோம். மேலைநாடுகளில் 'ஹெவி மெட்டல்' என்று வழங்கும் பேரொலி இசையின் ரசிகர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, கணிப்பொறி வழியாகப் பேசிக்கொள்ளும் பேச்சே அது. அவர்கள் இசையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். சிறிது நேரத்தில் பேச்சு யாரோ ஒருவருடைய பழுதுபட்ட கணிப்பொறியில் வந்து நிற்கிறது. இதில் புனிதமான பொருளும் இல்லை, புலமை சார்ந்த பொருளும் இல்லை. வீண்பேச்சுக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் இதையே சுட்டிக்காட்டக்கூடும். ஆகவேதான் இதைக் கொண்டே நம் கேள்வியைச் சோதித்துப் பார்க்க விழைகிறோம்.

ஓர் இசையின் பிறப்பு

இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் தொழிற்சாலைகளால் பேர்பெற்ற நகரம். அந்நகரின் ஆஸ்டன் வட்டாரத்தைச் சேர்ந்த உழைப்பாளர் குடும்பத்து இளைஞர் நால்வர் 'பிளாக் சபாத்' என்னும் இசைக்குழுவை அமைத்தனர். 1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டிலிருந்தே இவ்விசையின் வரலாற்றைப் பலரும் தொடங்குவர்.

அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். தமது 17ஆம் வயதில், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை எந்திரம் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே தந்திகளை அழுத்த அவருக்குத் தேவைப்பட்டவை அவ்விரல்களே. இனி வாசிக்க இயலாது என்று மனமுடைந்திருந்தவருக்குத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கேட்கக் கொடுத்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கலைஞர் வாசித்தது. 1928ஆம் ஆண்டில் நேர்ந்த தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு செயலிழந்த பின்னரும், எஞ்சியவற்றைக் கொண்டே கிட்டார் வாசித்துப் புகழ்பெற்றவர் அவர். அயோமி தெளிவுபெற்றார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தம் விரல்களுக்கு முனை செய்துகொண்டார். அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னாளில் சுருதியையும் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலி பிறகு வந்த எத்தனையோ குழுக்களுக்கு முன்மாதிரி ஆயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த மேற்பார்வையாளரின் செயல். அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை, மருத்துவமும் செய்யவில்லை. ஓர் இசைத்தட்டைத் தந்து கேட்கச் சொன்னார், அவ்வளவே. துன்பத்தில் இருந்தவன் எதை விரும்புகிறான் என்று அறிந்திருந்ததே அவருடைய அன்பின் இலக்கணம். பின்னாளில் உலகெங்கும் இவ்விசையின் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட சிற்றுதவிகளுக்கு, யாரும் திட்டமிடாமலே இந்நிகழ்ச்சி ஒரு முன்னுரையாக அமைந்துவிட்டது.

அச்சமும் நீதியும்

இவ்விசையைக் கேட்டு நம்மவர் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இதன் பாடல்கள் மரணத்தையும் போரையும் இருளையும் மிகுதியாகப் பேசுகின்றன. சில குழுக்கள் இறைநிந்தனையையே தொழிலாக்கிக்கொண்டன. 1992 ஜூன் 6ஆம் நாள் நார்வே நாட்டில் பெர்கன் நகருக்கு அருகே இருந்த ஃபான்டாஃப்ட் என்னும் தொன்மையான மரத் தேவாலயம் தீக்கிரையாயிற்று. அதையடுத்து வேறு பல ஆலயங்களும் எரிந்தன. இவ்விசையின் கடுமையான கிளை ஒன்றைச் சார்ந்த இளைஞர் சிலர், ஆலயங்களை எரித்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றனர். இவ்வுண்மையை மறைப்பதும் மழுப்புவதும் தவறு.

ஆயினும் சிலர் செய்த தீமையை எல்லார் தலையிலும் ஏற்றுவது நீதியாகாது. 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க நாட்டின் மேலவைக் குழு ஒன்று, இளைஞரைக் கெடுக்கும் பாடல்களைப் பற்றி விசாரணை நடத்தியது. 'ட்விஸ்டட் சிஸ்டர்' குழுவின் பாடகர் டீ ஸ்னைடர் அங்கே தோன்றிச் சான்று கூறினார். அவர் எழுதிய பாடல் ஒன்று கொடிய காமத்தைப் போற்றுவதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. அவரோ, தம் குழுவைச் சேர்ந்த ஒருவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்ததையும், அறுவைக்கு முன் நோயாளியின் உள்ளத்தில் எழும் அச்சத்தையுமே அப்பாடல் சொல்வதாக விளக்கினார். தாம் கிறிஸ்தவராகப் பிறந்து வளர்ந்தவர் என்பதையும் அங்கே அறிவித்தார். நோயாளியின் நடுக்கத்தைக் காமவெறி என்று எண்ணியவர்கள் கெட்டவர்கள் அல்லர்; தம் பிள்ளைகளின் நலம் கருதியவர்களே. எழுதியவரைக் கேட்காமல் முடிவு கட்டியதே அவர்கள் குறை.

பிளாக் சபாத் குழுவின் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். சாவுக்குப் பின் என்ன, கடவுளை எண்ணிப் பார்த்தாயா என்று கேட்பவரை நோக்கி வினவும் பாடல் ஒன்று அவர்களது 1971ஆம் ஆண்டு இசைத்தட்டில் உண்டு. இத்தாலியில் செசாரே போனிட்ஸி என்னும் கப்புச்சின் துறவி இவ்விசையில் உள்ளம் பறிகொடுத்து, 2008ஆம் ஆண்டு பொலோஞ்ஞா நகரில் நடந்த பெரிய இசைவிழாவில் துறவற அங்கியோடு பாடினார். மறு ஆண்டே, புகழ் தம்மைச் சகோதரர்களிடமிருந்து பிரிப்பதாக உணர்ந்து மேடையைத் துறந்தார். அவர் பாடியதையும் நினைவில் வைப்போம்; விட்டதையும் நினைவில் வைப்போம். ஓர் இசை முழுவதும் அலகையின் உடைமையும் அன்று. முழுவதும் அருளின் கருவியும் அன்று. மனிதர் கையில் உள்ள எல்லாவற்றையும் போலவே அதுவும் இருக்கிறது.

பேச்சு நடக்கும் விதம்

இனி அவர்களுடைய பேச்சைப் பார்ப்போம். 1990களில் வீட்டுத் தொலைபேசிக் கம்பியோடு கணிப்பொறியை இணைத்து, வீட்டில் எவரேனும் தொலைபேசியை எடுத்தால் தொடர்பு அறுந்துபோகும் நிலையில், பின்லாந்திலும் பிரேசிலிலும் கனடாவிலும் இருந்த ரசிகர்கள் எழுத்து வழியே உரையாடத் தொடங்கினர். சிற்றூரில் வாழும் ஓர் இளைஞனுக்கு அவன் விரும்பும் இசையைப் பற்றிப் பேச அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லாதிருக்கலாம். அவனுக்கு அந்தத் திரையே திண்ணை ஆயிற்று.

புதிய இசைத்தட்டு நன்றாக இருக்கிறதா, பழைய பாடகர் போனபின் குழு தாழ்ந்துவிட்டதா என்று வழக்காடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுதுகிறார்: பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கையில் என் கணிப்பொறி தானாக நின்றுவிடுகிறது. உடனே வழக்கு நின்றுபோகிறது. எவ்வளவு நேரம் ஓடியபின் நிற்கிறது என்று ஒருவர் கேட்கிறார். உள்ளே உள்ள சிறு விசிறியில் தூசி அடைந்திருக்கும், வெப்பம் மிகுந்தால் கருவி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், மின்இணைப்பை எடுத்துவிட்டுத் திறந்து துடைத்துப் பாருங்கள் என்று மற்றொருவர் எழுதுகிறார். நினைவகப் பலகை தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும், அதைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள் என்கிறார் மூன்றாமவர். வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று ஓசை வருகிறது என்று யாரேனும் எழுதினாலோ, உள்ளவற்றையெல்லாம் இப்போதே வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள் என்று பலர் ஒரே குரலாக எச்சரிக்கின்றனர். துடைத்தேன், சரியாகிவிட்டது, நன்றி என்று முதலாமவர் எழுதியதும் பேச்சு மீண்டும் இசைத்தட்டுக்குத் திரும்புகிறது.

இதில் என்ன நடந்தது? போலந்து நாட்டில் பிறந்த மானிடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கி 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில், செய்தி சொல்வதற்காக அன்றி உறவைப் பேணுவதற்காகவே மனிதர் பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று எடுத்துக்காட்டினார். 'சாப்பிட்டாயா' என்று நாம் கேட்பது உணவுக் கணக்கு எடுப்பதற்காக அன்றே! அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே புனித தாமஸ் அக்குவினாஸ், அன்றாடப் பழக்கத்தில் பிறரிடம் இனிமையாக நடந்துகொள்ளும் பண்பை ஒரு தனி நற்பண்பாக வைத்து ஆராய்ந்தார். அதை அவர் நீதியோடு சேர்த்தே பேசுகிறார் என்பது குறிப்பிடத்தக்கது. உண்மை இல்லாமல் மனிதர் கூடிவாழ முடியாதது போலவே மகிழ்ச்சி இல்லாமலும் கூடிவாழ முடியாது என்பது அவர் கருத்து. ஆகவே இன்சொல் நாம் விரும்பினால் கொடுக்கும் பிச்சை அன்று. உடன்வாழ்வோருக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

மேலும், சிறு தொல்லையைச் சொல்வதே ஒருவகை நம்பிக்கை. பெரிய துயரத்தை அறிமுகமில்லாதவரிடம் எவரும் எடுத்தவுடனே கொட்டிவிடுவதில்லை. முதலில் சிறிய ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறோம். அதைக் கேட்டவர் சிரித்து ஒதுக்கினால் வாய் மூடிக்கொள்கிறது. பொறுமையோடு கேட்டால், என்றேனும் ஒருநாள் பெரியதும் வெளிவருகிறது. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் சீடருக்குத் தோன்றியபோது, தாம் சாவை வென்றதை முதலில் எடுத்துரைக்கவில்லை. மீன் ஏதேனும் பட்டதா என்றே கேட்டார் (யோவா 21:5). இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காத மீனவரின் அன்றைய தொழில் தொல்லையைப் பற்றிய கேள்வி அது. வலையை எந்தப் பக்கம் வீசுவது என்னும் நடைமுறை யோசனையையும் அவரே சொன்னார். 'என்னை அன்பு செய்கிறாயா' என்று பேதுருவிடம் மும்முறை கேட்ட பெரிய கேள்வி, உணவு உண்ட பிறகே வந்தது.

அன்பு என்று சொன்ன மடல்

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பதே அதன் தலைப்பு. காதல் மடல் ஒன்று உடன் இணைக்கப்பட்டிருப்பதாக அது காட்டிற்று. பெரும்பாலும் அறிந்தவர் பெயரிலேயே வந்ததால் பலர் ஐயமின்றித் திறந்தனர். அது மணிலா நகரிலிருந்து புறப்பட்ட நச்சுநிரல். திறந்தவரின் முகவரிக் குறிப்பில் இருந்த அனைவருக்கும் அவர் பெயரால் தன்னையே அனுப்பிக்கொண்டது. அவர் சேர்த்து வைத்திருந்த புகைப்படக் கோப்புகளின்மேல் தன்னை எழுதி அவற்றை அழித்தது. பாட்டுக் கோப்புகளை மட்டும் அது அழிக்கவில்லை. அவற்றைக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவிட்டு, அவற்றின் பெயரால் தன் படியை அங்கே வைத்தது.

ஆண்டுக்கணக்கில் பாடல்களைச் சேர்த்து வைத்திருந்த ரசிகன் ஒருவனுக்கு அன்று எல்லாம் போய்விட்டதாகவே தோன்றியிருக்கும். உண்மையில் பாடல்கள் அங்கேயே இருந்தன. அதை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது: பாட்டின் பெயரில் தெரிவதைத் தொடாதீர்கள், நச்சுநிரலை முதலில் நீக்குங்கள், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி மாற்றுங்கள், உங்கள் பாடல்கள் அழியவில்லை.

இவ்விரு செய்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று 'அன்பு' என்னும் சொல்லையே தலையில் சுமந்து வந்தது. உள்ளே அழிவு இருந்தது. மற்றொன்றில் அன்பு என்ற சொல்லே இல்லை. இதை அழுத்து, அதை மாற்று என்னும் வறண்ட குறிப்புகளே உள்ளன. ஆனால் உள்ளே இருந்தது அன்பு. சொல்லாலும் நாவாலும் அல்ல, செயலாலும் உண்மையாலும் அன்பு செலுத்துவோம் என்னும் கருத்தைத் தூய யோவான் தம் முதல் திருமுகத்தில் வலியுறுத்துகிறார் (1 யோவா 3:18). இந்த வசனத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நம் காலத்தில் காண்பது அரிது.

எழும் தடைகள்

இவ்வாறு கூறும்போது சில தடைகள் எழுவது இயல்பு. அவற்றுள் மூன்று வலிமையானவை.

முதலாவது, இவ்வன்பு விலையற்றது என்பது. நல்ல சமாரியர் காயத்தைத் தொட்டார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், இரண்டு தெனாரியம் கொடுத்தார். இங்கேயோ நாற்காலியை விட்டு எழ வேண்டியதும் இல்லை. சலிப்புற்றால் அடுத்த நொடியே விலகிவிடலாம். இத்தடையில் பாதி உண்மை உண்டு. எனினும் நள்ளிரவில் அறிமுகமற்ற ஒருவருக்காக ஒரு மணி நேரம் செலவிட்டு, அவருக்குப் புரியும்வரை ஐந்து முறை விளக்குவதும் ஒரு விலையே. செய்தவர் இன்னார் என்று பெறுபவருக்கும் தெரியாது. பாராட்டும் பெரிதாக இல்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற கட்டளை (மத் 6:3) இவ்வளவு எளிதாக நிறைவேறும் இடம் வேறு எது? முகமின்மை வசைபாடுவோருக்கு மறைவிடம் ஆகிறது என்பதும் உண்மை; நன்மை செய்வோருக்கும் அதுவே மறைவிடம் ஆகிறது என்பதும் உண்மை. அருந்தக் கொடுக்கும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கைம்மாறு இழக்காது என்று சொன்னவர் (மாற் 9:41), அதை மண்குவளையில் கொடுத்தாயா, கம்பி வழியே கொடுத்தாயா என்று பார்ப்பவர் அல்லர்.

இரண்டாவது தடை, இது இனம் இனத்தோடு சேர்வது என்பது. தன்னைப் போன்ற ரசிகனுக்கே ரசிகன் உதவுகிறான். அன்பு செய்வோரையே அன்பு செய்தால் என்ன கைம்மாறு என்று கேட்டார் ஆண்டவர் (மத் 5:46). இத்தடை மேலதைவிடக் கூரியது. இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. நூறுமுறை விடை சொல்லப்பட்ட கேள்வியை நூற்றோராம் முறை கேட்கும் புதியவனை அக்கூட்டம் எப்படி நடத்துகிறது? வேறு இசையை விரும்புகிறவன் உதவி கேட்டால் கேலி செய்கிறதா? தாராளமாகத் தருவது யாருடைய பொருளை? இக்கடைசிக் கேள்விக்கு இவ்விசையின் வரலாற்றிலேயே ஒரு வழக்கு உண்டு. 'மெட்டாலிக்கா' குழு 1982இல் பதிவுசெய்த மாதிரி ஒலிநாடாவை ரசிகர்கள் கைக்குக் கை படியெடுத்துப் பரப்பினர். குழுவின் பெயர் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதே குழு 2000ஆம் ஆண்டில், தங்கள் பாடல்களை விலையின்றிப் பரிமாறிக்கொள்ள வழிசெய்த 'நாப்ஸ்டர்' மீது வழக்குத் தொடுத்து, மே 3ஆம் நாள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் பெயர்களைக் கொண்ட பட்டியலை அந்நிறுவனத்திடமே ஒப்படைத்தது. ரசிகர்கள் கொதித்தனர். ஆயினும் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: பிறருடைய உழைப்பை எடுத்து நண்பனுக்குக் கொடுப்பது ஈகை ஆகாது. தன் நேரத்தையும் தன் அறிவையும் கொடுப்பதே ஈகை. தூசி துடைக்கச் சொல்லிக்கொடுத்தவர், பாட்டைத் திருடிக் கொடுத்தவரைவிடப் பெரிய கொடையாளி.

மூன்றாவது தடை உடலைப் பற்றியது. நம் மறை, வாக்கு மனிதரானதைப் போற்றும் மறை. முகம் காணாத உறவு முழு உறவாகுமா? கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே உயிர்நட்புக் கொண்டிருந்ததைப் புறநானூறு காட்டுகிறது. நட்புக்கு அருகிருந்து பழகுதல் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே நட்புரிமையைத் தரும் என்று வள்ளுவர் கூறுமிடத்தில் உரையாசிரியர் பரிமேலழகர் இவர்களையே சான்றாகக் காட்டுகிறார். ஆனால் அக்கதை எப்படி முடிகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் வருவார், அவருக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள் என்றான், அவரும் வந்தார். உண்ணாதிருந்து உயிர்விடுவது நாம் ஏற்கும் நெறியன்று. ஆனால் காணாத நட்பு இறுதியில் காண விழைந்தது என்பதே நமக்குப் பாடம். தூய யோவானும் தம் இரண்டாம் திருமுகத்தை முடிக்கையில், எழுத வேண்டியவை பல இருந்தும் தாளும் மையும் கொண்டு எழுத விரும்பாமல், நேரில் வந்து முகமுகமாய்ப் பேசி மகிழ்ச்சி நிறைவடைய வேண்டும் என்று விழைகிறார் (2 யோவா 12). இணையம் பற்றி உரோமை 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏடும், நற்கருணையில் ஆண்டவரின் உண்மைப் பிரசன்னத்துக்கும், இரத்தமும் தசையுமாய்க் கூடி வழிபடும் சமூகத்துக்கும் கணிப்பொறி உலகம் ஈடாகாது என்று தெளிவாக உரைத்தது.

இவ்விசையின் ரசிகர்களும் இதை அறியாதவர் அல்லர். 2025 ஜூலை 5ஆம் நாள் பிளாக் சபாத் குழு தான் பிறந்த ஆஸ்டன் மண்ணிலேயே இறுதியாக மேடையேறியது. வருவாய் பார்க்கின்சன் நோய் தொடர்பான அறப்பணிக்கும், குழந்தைகள் மருத்துவமனைக்கும், தீராநோயுற்ற சிறுவருக்கான இல்லத்துக்கும் என அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 22ஆம் நாள் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் தமது 76ஆம் வயதில் மறைந்தார். அவரது உடல் பர்மிங்காம் நகர் வழியே எடுத்துச் செல்லப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் தெருவோரம் நின்றனர். வீட்டிலிருந்தே திரையில் பார்த்திருக்கலாம். ஆயினும் துக்கத்துக்கு நேரில் போய் நிற்கத்தான் வேண்டும் என்பதை அவர்களுடைய கால்கள் அறிந்திருந்தன.

நம் வீடும் நம் பங்கும்

திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2014ஆம் ஆண்டுச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இணையத்தை இறைவனின் கொடை என்றார். அதே செய்தியில், நல்ல சமாரியர் உவமையைச் சமூகத் தொடர்புக்கும் உவமையாகக் காட்டி, அவ்வழியில் வெறுமனே கடந்து செல்வோராக இருப்பது போதாது என்றும் அறிவுறுத்தினார். அந்த உவமையில் கேட்கப்பட்ட கேள்விக்கும் ஆண்டவர் மீண்டும் கேட்ட கேள்விக்கும் வேறுபாடு உண்டு. எனக்கு அயலார் யார் என்று சட்ட அறிஞர் கேட்டார். அடிபட்டவருக்கு அயலாராய் நடந்துகொண்டவர் யார் என்று இயேசு திருப்பிக் கேட்டார். இரண்டாவது கேள்வி நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

கதவடைத்த அறையில் செவியடைக்கும் இசையோடு அமர்ந்திருக்கும் மகனிடம், என்ன கழுதைக் கத்தலைக் கேட்கிறாய் என்று மட்டுமே நாம் கேட்கிறோம். யாரோடு பேசுகிறாய், அவருக்கு என்ன தொல்லை, நீ அவருக்கு உதவினாயா, உனக்கு யாரேனும் உதவினார்களா என்று கேட்டால் வேறொரு உலகம் நமக்குத் திறக்கக்கூடும். தீங்கு இருந்தாலும் அப்போதுதான் தெரியவரும். பூட்டிய கதவின் மறுபுறம் நின்று ஏசுவதால் தீங்கு தெரியப்போவதில்லை.

இளைஞருக்கும் ஒரு கேள்வி உண்டு. கடல் கடந்த ஒருவருக்கு விசிறியின் தூசியைத் துடைக்க ஐந்து முறை பொறுமையோடு விளக்கும் நீங்கள், கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று அம்மா இரண்டாம் முறை கேட்கும்போது முகம் சுளிப்பது ஏன்? முகம் காணாத அயலாருக்குக் கொடுத்த பொறுமை, ஒரே கூரையின்கீழ் இருக்கும் அயலாருக்குக் கிடைக்காமற்போனால், அப்பொறுமை இன்னும் அன்பாக முதிரவில்லை என்றே பொருள்.

இறுதியாக, தொடங்கிய கேள்விக்கு வருவோம். 'வீண்' என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'வேலை செய்யாத' என்பது. ஆண்டவர் அதை எப்போது, யாரிடம் சொன்னார்? கண் தெரியாத, பேச்சும் இல்லாத ஒருவரை அவர் அப்போதுதான் குணமாக்கியிருந்தார். பரிசேயர் அதைக் கண்டனர். கண்டும், இது பெயல்செபூலின் வேலை என்றனர் (மத் 12:22-24). வீண்சொல்லுக்குக் கணக்கு உண்டு என்ற எச்சரிக்கை பிறந்தது அவ்விடத்தில். அது திண்ணைப் பேச்சைப் பற்றியது அன்று. நலம்பெற்று நிற்கும் மனிதரைத் திரும்பியும் பாராமல், நன்மையை அலகையின் செயல் என்று தீர்ப்பிட்ட சமயவாதிகளின் சொல்லைப் பற்றியது. அந்தச் சொல் யாருக்கும் எந்த நன்மையும் செய்யவில்லை. அதுவே வேலை செய்யாத சொல்.

அளவால் சிறிய சொல் வீண்சொல் ஆவதில்லை. எதிரே இருப்பவரைப் பொருட்படுத்தாத சொல், அது வேதவாக்கியமாகவே இருந்தாலும், வீண்சொல்லே. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நாம் கேட்கும் 'நல்லா இருக்கீங்களா' என்ற சொல், பதிலுக்குக் காத்திராமல் நடந்துபோனால் வீண்சொல். நின்று, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டு, நாளைக்கு என் தம்பியை அனுப்புகிறேன் என்று சொல்லி, அனுப்பியும் வைத்தால், தீர்ப்பு நாளில் அச்சமின்றி எடுத்துக்காட்டத்தக்க சொல் அது.